நிழலின் தயவு

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்று சொல்லும்போதெல்லாம் நாம் இலுப்பைப் பூவைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். பாவம், அந்தப் பூ என்ன செய்யும்? ஆலை உள்ள ஊரிலும் ஆலை இல்லாத ஊரிலும் அதன் இனிப்பு ஒன்றுதான். மாறுவது பூ அல்ல, ஊர். பழமொழி உண்மையில் ஊரைப் பற்றியது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நாக்குக்காகச் சொன்ன இந்த வார்த்தை கண்ணுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். பௌர்ணமி நிலவைப் பாருங்கள். பால் என்றும் வெள்ளித் தட்டு என்றும் அதை வர்ணிக்காத கவிஞன் உண்டா? ஆனால் சந்திரனுடைய தரை, தன்மேல் விழும் சூரிய வெளிச்சத்தில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. தேய்ந்து வெளுத்த தார் ரோடும் ஏறக்குறைய அவ்வளவுதான் அனுப்பும். 1969-ல் அங்கிருந்து எடுத்துவந்த கல்லும் மண்ணும் கருஞ்சாம்பல் நிறமாகத்தான் இருந்தன. சூரியன் ஒரு தார் ரோட்டின்மேல் காய்கிறது. சுற்றிலும் ஒரே இருட்டு. நாம் அதைப் பால் என்கிறோம். பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு அதே நிலா மேற்கே தொங்கும். அப்போது அதைப் பார்த்துப் பாட்டெழுத யாரும் வருவதில்லை. பிய்ந்த பஞ்சுபோல இருக்கிறது என்று நினைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

சினிமாக் கொட்டகையில் நடப்பது இதைவிட வேடிக்கை. படம் தொடங்குமுன், விளக்குகள் எரியும்போது, திரை வெள்ளையாக இருக்கிறது. விளக்கை அணைக்கிறார்கள். கதாநாயகி வருகிறாள், கன்னங்கரேலென்ற கூந்தலுடன். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? கறுப்பு வெளிச்சத்தை வீச எந்த யந்திரத்துக்கும் தெரியாது. கூந்தல் இருக்கும் இடத்தில் வெளிச்சம் விழவில்லை, அவ்வளவுதான். அங்கே நாம் காண்பது அதே வெள்ளைத் துணி. பக்கத்தில் அவள் நெற்றி பிரகாசிப்பதால் துணி கூந்தலாகிவிடுகிறது.

பாரிஸ் நகரத்தில் கோப்லான் என்ற பெயர்பெற்ற நெசவுச்சாலை இருக்கிறது. சித்திரத் திரைச்சீலைகள் நெய்யும் இடம். 1824-ல் அங்கே சாயப் பகுதியின் தலைமைக்கு ஷெவ்ரல் என்ற ரசாயன நிபுணர் வந்து சேர்ந்தார். வந்தவரிடம் ஒரு புகார். நீல நிறத்திலும் ஊதா நிறத்திலும் உள்ள ஆடைகளின் மடிப்புகளுக்கு நிழல் காட்டக் கறுப்பு நூல் போட்டால், அந்தக் கறுப்பு கறுப்பாகவே இல்லையாம்; சாயம் மட்டமாம். ஷெவ்ரல் மற்ற ஊர்களில் தோய்த்த கறுப்பு நூலை வருவித்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குற்றமே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைச் சோகை பிடித்ததுபோல் ஆக்கியிருந்தன. தொட்டியில் தேட வேண்டிய குற்றம் அல்ல அது. தறியில் தேட வேண்டிய குற்றம். 1839-ல் இதைப் பற்றி அவர் ஒரு பெரிய புத்தகமே எழுதி வெளியிட்டார். ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் அதை ஆவலோடு படித்தார்கள்.

சித்திரக்காரர்களுக்கு இதில் அக்கறை இருப்பதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய வர்ணப் பெட்டியில் சூரியன் கிடையாது. வெயிலும் நிழலும் கலந்த ஒரு தெருவில், மிகப் பிரகாசமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்குகூட இருக்கலாம். சைத்ரிகன் கையில் இருக்கும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் சில பத்து மடங்குதான். இந்த அற்ப முதலை வைத்துக்கொண்டு அவன் வெயிலைக் காட்ட வேண்டும். வெள்ளையை மேலும் மேலும் அப்பி வெயில் வராது. பக்கத்தில் எதை இருட்டாக்குவது என்று தெரிந்தவனுக்கே வெயில் வரும்.

இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’. நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதைப் புகழ்வதற்காக மட்டும் அல்ல. அந்தப் படத்தின்மேல் சுமத்தப்பட்ட சில குற்றச்சாட்டுகள், கதை எழுதுகிறவர்களாகிய எங்களுக்கும் கதை படிக்கிறவர்களாகிய உங்களுக்கும் நேராக வந்து சேர்கிறவை.

முதலில் படத்தின் வரலாறு. 1642-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் துப்பாக்கிக் காவல் படையில் ஒரு பிரிவினருக்காக ரெம்பிராண்ட் எழுதி முடித்தது இது. உயரம் மூன்றரை மீட்டருக்கு மேல். அகலம் நாலே கால் மீட்டருக்கு மேல். காப்டன் பிரான்ஸ் பானிங் கோக் கறுப்பு உடையில், சிவப்புப் பட்டை அணிந்து, கையை நீட்டி உத்தரவு கொடுத்தபடி முன்னால் நடக்கிறார். அவர் பக்கத்தில் உப தளபதி வான் ராய்ட்டன்பர்க், வெளிர் மஞ்சள் உடையில். பின்னால் ஈட்டிகள், துப்பாக்கிகள், கொடி, முரசு, ஒரு நாய். இவ்வளவு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில், இடுப்பில் செத்த கோழி ஒன்று தொங்க, தங்கம்போல் ஜொலித்துக்கொண்டு ஒரு சிறுமி. இது இரவே அல்ல. காப்டனுடைய நீட்டிய கையின் நிழல், பக்கத்தில் நடப்பவரின் மஞ்சள் சட்டைமேல் தெளிவாக விழுகிறது. பகல் வெளிச்சம் விழும் நிழல் அது. படத்தின்மேல் பூசிய வார்னிஷ் நாளடைவில் பழுத்துக் கறுத்துப்போனதால், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் யாரோ ‘இரவுக் காவல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது குகைகளில் ஒளித்துவைத்திருந்த படத்தை 1945-ல் திரும்பக் கொண்டுவந்து, அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் சுத்தம் செய்தார்கள். இருட்டு விலகிற்று. பெயர் விலகவில்லை.

நானும் இந்தப் படத்தை முதன்முதலில் மட்டமான காகிதத்தில் அச்சிட்ட ஒரு புத்தகத்தில் பார்த்து, இரவு என்றே நம்பியவன். ஒரு மஞ்சள் திட்டு, ஒரு வெள்ளைக் கழுத்துப்பட்டை, மற்றதெல்லாம் மை. ‘இதற்கா இவ்வளவு புகழ்?’ என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். குற்றம் அச்சகத்தின் மையில் இருந்தது. ஆனால் தீர்ப்பு ரெம்பிராண்டுக்குக் கிடைத்தது!

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். முதல் குற்றச்சாட்டு ரெம்பிராண்டின் மாணாக்கரிடமிருந்தே வந்தது. சாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராட்டன் என்ற அந்தச் சைத்ரிகர் 1678-ல் ஒரு புத்தகம் எழுதினார். தம் குருவின் படத்தை அவர் வெகுவாகப் பாராட்டுகிறார். காவல் படையின் மண்டபத்தில் அதனோடு தொங்கும் மற்றப் படங்களெல்லாம் அதன் முன்னால் சீட்டுக்கட்டுச் சீட்டுகள்போல் ஆகிவிடுகின்றன என்று சிலர் எண்ணுவதாகச் சொல்கிறார். உடனே ஒரு குறையும் சொல்கிறார்: இதில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றியிருக்கலாம் என்பது அவர் ஆசை.

குரு பக்தியும் நியாயமும் கலந்த இந்த அபிப்பிராயத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. மற்றப் படங்கள் ஏன் சீட்டுகள்போல் தட்டையாயின? அவற்றில் வெளிச்சம் எங்கும் சமமாக விழுந்திருந்தது. ரெம்பிராண்டின் படம் ஏன் உயிரோடு நின்றது? அதில் வெளிச்சம் பொறுக்கி எடுத்து வைக்கப்பட்டிருந்தது. ஹூக்ஸ்ட்ராட்டன் கேட்ட அதிக வெளிச்சத்தைக் கொடுத்திருந்தால், அவர் புகழ்ந்த வித்தியாசம் குறைந்திருக்கும். சாம்பாரில் காரம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு, மிளகாயைக் குறைத்திருக்கலாமே என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

காப்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் மிக முக்கியமான மனிதர். பணக்காரர்; படைக்குத் தலைவர். அவருக்கு ரெம்பிராண்ட் கொடுத்தது என்ன? கறுப்பு உடை. வெளிச்சத்தையெல்லாம் அவருக்குக் கீழே உள்ளவருடைய சட்டைக்குக் கொடுத்துவிட்டார். ஆனாலும் காப்டன் மறைந்துபோகிறாரா? இல்லை. அந்த மஞ்சளின் ஓரத்தில் அவருடைய கறுப்பு வெட்டினாற்போல் நிற்கிறது. அந்தக் கறுப்புக்கு மேலே அவர் கழுத்துப்பட்டையும் முகமும் விளக்கு வைத்ததுபோல் எரிகின்றன. அவர் முகத்துக்குத் தனிச் சாயம் ஒன்றும் இல்லை. ஒரு மனிதனை உயர்த்த அவன்மேல் வெளிச்சம் போட வேண்டும் என்று நினைப்பது சாதாரண யோசனை. பக்கத்தில் நிற்பவனுக்கு வெளிச்சத்தைக் கொடுத்து இவனை உயர்த்தியது மேதையின் யோசனை.

இரண்டாவது குற்றச்சாட்டு இங்கிலாந்தின் பிரபல சைத்ரிகர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் சொன்னது. 1781-ல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போன அவர், நகர மண்டபத்தில் இந்தப் படத்தைப் பார்த்து ஏமாற்றமடைந்தார். அங்கேயே இருந்த வான் டெர் ஹெல்ஸ்டின் காவல் படைப் படத்தைத்தான் வெகுவாகப் புகழ்ந்தார். இதில் ரெனால்ட்ஸிடம் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அவர் பார்த்தது வார்னிஷ் கறுத்த படம். போதாததற்கு, 1715-ல் அதை நகர மண்டபத்துக்கு மாற்றியபோது, சுவரில் இடம் போதவில்லை என்று நாலு பக்கமும் வெட்டியிருந்தார்கள். இடது பக்கத்தில் மட்டும் சுமார் 60 சென்டிமீட்டர் போய்விட்டது. வெட்டுவதற்குமுன் எழுதப்பட்ட ஒரு சிறிய நகல் இருக்கிறது. அதைக் கொண்டு, 2021-ல் போன பாகங்களைக் கம்ப்யூட்டர் உதவியால் தயாரித்துச் சில மாதம் படத்தின் ஓரங்களில் பொருத்திக் காட்டினார்கள். அப்போது காப்டனும் உப தளபதியும் நடுவிலிருந்து வலப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். முன்னால் காலி இடம் கிடைத்ததும் நிஜமாகவே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் உருவத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஓரம் மாறிற்று, ஆள் மாறினான்.

ரெனால்ட்ஸின் ரசனைக்குப் பின்னால் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. வான் டெர் ஹெல்ஸ்டின் படத்தில் எல்லா முகமும் நன்றாகத் தெரிகிறது. கல்யாண வீட்டில் எடுக்கும் குரூப் போட்டோவைப்போல, சம்பந்தி முதல் சமையற்காரர்வரை ஒருவருக்கும் குறை இல்லை. ரெம்பிராண்டின் படத்திலோ சிலருக்குப் பாதி முகம், சிலருக்குக் கால்வாசி. படத்துக்காக ஒவ்வொருவரும் சராசரி 100 கில்டர் கொடுத்ததாகவும், படத்தில் கிடைத்த இடத்தைப் பொறுத்து அது கூடியும் குறைந்தும் இருந்ததாகவும், பிற்காலத்தில் ஒருவர் வாக்குமூலம் அளித்திருக்கிறார். ரொக்கம் கொடுத்துவிட்டு நிழலில் நிற்பதென்றால் யாருக்குத்தான் சம்மதம்? ஒருவனைப் பிரகாசமாக்க இன்னொருவனை இருட்டாக்கலாமா?

இது வெறும் சித்திரக் கலைப் பிரச்னை என்று நான் நினைக்கவில்லை. நாவல் எழுத உட்காரும் ஒவ்வொருவனும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அந்தப் படத்தைக் கண்டு காவல் படையினர் கொதித்தெழுந்தார்கள் என்றும், அதனால்தான் ரெம்பிராண்ட் நொடித்துப்போனார் என்றும் ஒரு கதை வெகு காலமாக உலவுகிறது. படத்தை அவர்கள் நிராகரித்ததற்குச் சான்று எதுவும் இல்லை. 1715 வரையில் அது அவர்கள் மண்டபத்தில்தான் இருந்தது. ரெம்பிராண்ட் கடனில் மூழ்கி இன்ஸால்வென்ட் ஆனது 1656-ல். பதினாலு வருஷம் கழித்து.

படத்தை வைத்திருக்கும் ரைக்ஸ் மியூஸியத்தார் 2022-ல் அதன் மிக மிக நுணுக்கமான புகைப்படம் ஒன்றை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கண்ணிமைவரையில் கிட்டே போய்ப் பார்க்கலாம். நான் காப்டனையும் சிறுமியையும் விட்டுவிட்டு, பின்வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒருவர் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு எதையோ யோசிக்கிறார். இன்னொருவர் துப்பாக்கி மருந்தை ஊதுகிறார். கூட்டத்துக்குப் பின்னால், ஒரு தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் தொப்பி ஒன்று, ஒரு கண், மூக்கில் கொஞ்சம். அது ரெம்பிராண்டேதான் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையானால், எல்லாருக்கும் வெளிச்சம் பங்கிட்ட மனிதர் தமக்கு எடுத்துக்கொண்டது ஒற்றைக் கண் அளவுதான்!

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ரெம்பிராண்ட் ஒருவனை நிழலில் நிறுத்துகிறார். ஆனால் அவன் முகத்தில் கரி பூசுவதில்லை. நிழல் வேறு, கரி வேறு. நிழலில் நிற்பவன் முழு மனிதன். நாலடி முன்னால் நகர்ந்தால் அவன்மேலும் வெயில் படும். கரி பூசப்பட்டவன் எங்கே நின்றாலும் கரிதான்.

நம்முடைய நாவல்களில் எத்தனை பேருக்குக் கரி பூசியிருக்கிறோம்! மருமகள் உத்தமி என்று காட்ட வேண்டுமா? கொண்டு வா ஒரு மாமியாரை. அவள் விடிந்ததிலிருந்து பாத்திரத்தை எறிவாள், விளக்கு வைத்த பிறகு விஷம் பேசுவாள். கதாநாயகன் நேர்மையானவன் என்று தெரிய வேண்டுமா? ஆபீஸில் உள்ள மற்ற அத்தனை பேரையும் லஞ்சம் வாங்க வை. கதாநாயகிக்குப் பொறுமை என்ற குணத்தை உண்டாக்க ஆசிரியர் ஒரு வரிகூடச் சிரமப்பட்டு எழுதியிருக்க மாட்டார். சுற்றியுள்ளவர்கள் முகத்தில் தாராளமாகக் கரியைத் தேய்த்துவிட்டு, நடுவில் மிச்சமிருக்கும் வெறும் காகிதத்தைப் பார்த்து, ‘என்ன பிரகாசம்!’ என்கிறார். வாரா வாரம் படிக்கிற நாமும் ஆமாம் என்கிறோம்.

நானும் இந்தப் பாவத்தைச் செய்தவன்தான். என் நாவல் ஒன்றில் ஓர் ஓரகத்தி வருகிறாள். கதாநாயகிக்குக் கஷ்டம் கொடுப்பது தவிர அவளுக்கு வேறு உத்தியோகம் கிடையாது. தொடர்கதை முடிந்த பிறகு ஒரு வாசகி எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: “இரண்டு வருஷக் கதையில் அந்த ஓரகத்திக்கு ஒரு நாள்கூடத் தலைவலி வரவில்லையே, ஏன்?” அந்த அம்மாளை நான் பார்த்தது இல்லை. ஆனால் என் புத்தகத்துக்கு வந்த மதிப்புரைகளில் அதைவிடக் கூர்மையானது இல்லை.

இந்தத் தந்திரம் எப்போது வெளிப்படும் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 1929-ல் கெல்ப் என்ற ஜெர்மானிய மனோதத்துவ நிபுணர் வெளியிட்டது. இருட்டறையில் ஒரு கறுப்பு வட்டத்தைத் தொங்கவிட்டு, அதன்மேல் மட்டும் விழும்படி மறைவான விளக்கிலிருந்து பலமான வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது வெள்ளை வட்டம். பிறகு ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை அதே வெளிச்சத்தில் அதன் பக்கத்தில் நீட்டுகிறார்கள். அந்த க்ஷணமே வட்டம் கறுத்துப்போகிறது. காகிதத்தை எடுத்துவிட்டால் மறுபடியும் வெள்ளை! உண்மையைத் தெரிந்துகொண்ட பிறகும் கண் திருந்துவதில்லை.

புத்தகங்களை எடைபோடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கரி பூசிய சுற்றத்தின் நடுவே உத்தமியாக ஜொலிக்கும் அந்தக் கதாநாயகிக்குப் பக்கத்தில், எங்கிருந்தாவது ஒரு நிஜமான பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். வேறு நாவலிலிருந்து வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்தே போதும். சில நாள் பொறுமையாகவும் சில நாள் சிடுசிடுப்பாகவும் இருக்கிற ஒரு சகோதரி, ஓர் அத்தை. அந்த வெள்ளைக் காகிதத்தின் பக்கத்தில் நம் உத்தமி என்ன நிறமாகிறாள் என்று பாருங்கள். அவள் நல்லவளாக இருந்ததே இல்லை. அவளுக்குக் கெட்டவளாக இருக்கச் சந்தர்ப்பமே கொடுக்கப்படவில்லை என்பது தெரிந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் எல்லாரையும் நல்லவர்களாக்கிவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். மாமியாரும் தங்கம், மருமகளும் தங்கம், கடன் கொடுத்தவரும் தங்கம் என்று எழுதப்படும் கதைகளும் வருகின்றன. அவை நிலா காயும் பகல். நூறு பக்கம் படித்து மூடியபின் ஒரு முகமும் நினைவில் நிற்காது. வெளிச்சத்தைச் சமமாகப் பங்கிட்டால் அது தர்மமாகலாம், கதையாகாது. கதையில் சமமாகக் கொடுக்க வேண்டியது வெளிச்சம் அல்ல, உயிர். பின்வரிசைக்காரனுக்கு ஒரு வரிதான் கிடைக்கும் என்றால், அந்த ஒரு வரியிலே அவன் மூச்சுவிட வேண்டும். தமக்கென்று ஒற்றைக் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டவர் செய்துகாட்டியது அதைத்தான்.

‘இரவுக் காவ’லின்மேல் பிற்காலத்தில் பூசிய வார்னிஷை நீக்கும் வேலையை 2024 நவம்பரில், பார்க்க வருகிறவர்களின் கண்முன்னாலேயே, ஒரு கண்ணாடி அறைக்குள் தொடங்கினார்கள். பஞ்சும் பொறுமையும் கொண்டு அங்குலம் அங்குலமாகச் செய்ய வேண்டிய காரியம் அது. அதைப் படித்த அன்றைக்கு நானும் என் பழைய நாவலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த பதிப்பில் ஓரகத்திக்கு ஓர் இரவு தலைவலி கொடுத்தேன். எல்லாரும் தூங்கிய பின் சமையல் அறையில் தனியாக உட்கார்ந்து நெற்றியில் சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டுக்கொள்கிறாள். ஒரே ஒரு பக்கம்.

கதாநாயகியின் பிரகாசம் குறைந்துவிட்டதாக இதுவரை யாரும் புகார் எழுதவில்லை.